பச்சை மையும் ஒரு டிரம் தண்ணீரும்

தில்லித் தமிழ் ஆண்கள் வருடத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் பேண்ட் போடுவார்கள். மிச்சமிருக்கும் ஒரு நாள், பங்குனி உத்திரத்தன்று, எட்டு முழ வேட்டியைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டு கொதிக்கிற ரசத்தோடு ஓடுவார்கள். கிண்டலுக்காகச் சொல்லவில்லை. என் கணவரின் இடது கணுக்காலில் இன்றைக்கும் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான்.

எழுபதுகளின் கடைசியில் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவர் ஒரு மினிஸ்ட்ரியில், நான் இன்னொன்றில். இரண்டு பேரும் கிளார்க்குகள். வருடாவருடம் குவார்ட்டர்ஸுக்கு நடுவில் இருந்த பார்க்கில் ஷாமியானா போட்டு உத்திரம் கொண்டாடுவோம். வேலுக்கு அபிஷேகம், பஜனை, அப்புறம் ஐந்நூறு பேருக்குக் குறையாமல் சாப்பாடு. சமையல்காரரையும் டென்ட்வாலாவையும் விட்டால் மற்ற எல்லாரும் தொண்டர்கள், மஞ்சள் ரிப்பனில் செய்த பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டவர்கள். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர்கள் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பந்தி பந்தியாகப் பரிமாறுவார்கள். வேட்டியை மடித்துக் கட்டினால் சாமிக்கு மரியாதைக் குறைவு என்று ஒரு சட்டம் வேறு இருந்தது. யார் போட்ட சட்டமென்று யாருக்கும் தெரியாது.

அந்த வருடம் என் கணவர் ரச வாளியோடு இரண்டாம் பந்தியில் திரும்பும்போது தன் வேட்டி நுனியைத் தானே மிதித்தார். வாளியில் பாதி ரசம் அவர் காலில் கொட்டியது.

தீப்பட்ட இடத்தில் மை ஊற்ற வேண்டும் என்பது எங்கள் குமாஸ்தா குலத்துக்கே மனப்பாடமான வைத்தியம். பேனா இல்லாத ஆள் எங்கள் கூட்டத்தில் கிடையாது; சாமிக்காகச் சட்டையைக் கழற்றியவர்கள்கூடப் பேனாவை இடுப்பில் செருகியிருந்தார்கள். முதலில் ஒரு நீல மை விழுந்தது. அப்புறம் கறுப்பு கலந்த ஒரு நீலம். கடைசியாக விழாக் கமிட்டித் தலைவர் வந்தார். அவர் அண்டர் செக்ரட்டரி, கெஜட்டட் ஆபீசர், ஆகையால் அவர் பேனாவில் பச்சை மை. பச்சை மைக்குப் பவர் கூட என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "ஹோலி கேல் கே ஆயே ஹோ க்யா?" என்று கேட்டார். ஹோலி விளையாடிவிட்டு வந்தீர்களா என்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அந்த மையைச் சுரண்டிக் கழுவி எடுத்தார்கள், அடியில் எவ்வளவு வெந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமே. என் கணவர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. அன்றைக்குப் போட்டார். புண் சீழ் வைத்து, ஒன்றரை மாதம் கட்டிலில் கிடந்தார்.

அந்த ஒன்றரை மாதமும் எனக்குள் ஒரு கோபம் கனன்றுகொண்டே இருந்தது. எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு நடந்த சண்டை முடிந்த கையோடு எங்கள் ஆபீசில் பத்து நாள் முதலுதவிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நானும் போய் சர்டிபிகேட் வாங்கி, டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்திருந்தேன். சுட்டுக்கொண்டால் உடனே பச்சைத் தண்ணீர், இருபது நிமிஷம் விடாமல் தண்ணீர், வேறு எதையும் தடவாதே என்று அதில் பாடமாகவே சொன்னார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு நானே சாட்சி. அடுத்த உத்திரத்தில் யார்மேல் எது கொட்டினாலும் ஒரு சொட்டு மை விழவிடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

லோதி ரோட்டில் தலைவர் வீட்டில் கமிட்டி கூடியது. நான் எழுதிக்கொண்டு போன தாளை வாசித்தேன். கட்டுப்போட ஒரு மேஜை வேண்டும். யாரும் தொடாத தண்ணீர் ஒரு டிரம் வேண்டும். சூடாக எதைத் தூக்கினாலும் வேட்டியை மடித்துக் கட்ட வேண்டும்.

"என்னம்மா இது," என்றார் தலைவர். கும்பகோணத்துக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். "சுபகாரியம் நடக்கற எடத்துல ரத்தம், காயம், கட்டுன்னு கடை விரிக்கறதா? வரவா எல்லாம் என்ன நெனச்சுப்பா?"

"போன வருசம் எங்க வீட்டுல ஒன்றரை மாசம் கடை விரிச்சிருந்தோம் சார். நீங்ககூட ஆப்பிள் வாங்கிட்டு வந்து பாத்திய," என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். பேரம் நடந்தது. மேஜை போடலாம், ஆனால் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில். சிவப்புக் குறி போட்ட போர்டு கூடாது. டிரம்மும் ஒன்று தரலாம். வேட்டி விஷயம் மட்டும் நடக்காது, சந்நிதியில் மடித்துக் கட்டுவதைத் தம்மால் பார்க்க முடியாது என்றார். அப்போது கடைசி நாற்காலியில் இருந்த என் கணவர், "நான் பேண்ட்லயே வாரேன் சார். முருகன் கோவிச்சுக்க மாட்டாரு," என்றார். அவர் கமிட்டியில் வாயைத் திறந்தது அதுவே முதல் தடவை.

உத்திரத்துக்கு முன்னாலேயே எனக்குக் கை நிறைய வேலை இருந்தது. பழைய வேட்டிகளைக் கொதிக்க வைத்து, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டு, பட்டை பட்டையாகக் கிழித்துத் துவைத்த தலையணை உறைக்குள் வைத்தேன். சமையல் பந்தலிலிருந்து பந்திக்கு வரும் வழியின் இரண்டு பக்கமும் கயிறு கட்டச் செய்தேன். அந்த வழியில் குழந்தைகள் நுழையக் கூடாது, வாளி தூக்குகிறவர்கள் "சூடு, சூடு" என்று குரல் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். தொண்டர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். முகத்துக்கு நேரே சரியென்று சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் எனக்கு 'டாக்டரம்மா' என்று பட்டம் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் என் டிரம்மைத்தான் முதலில் நிரப்பினேன். குவார்ட்டர்ஸில் காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் தண்ணீர் வரும். நடுவில் குழாயைத் திறந்தால் காற்றுதான். சமையலுக்கும் கைகழுவவும் குடிக்கவும் மற்ற டிரம்களை நிரப்பி வைத்திருந்தார்கள். என் டிரம்மை ஒரு பலகையால் மூடி அதன்மேல் செங்கல் வைத்தேன்.

என் கணவர் காக்கிப் பேண்டும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்தார். "என்ன சார், ஆபீசுக்கா?" என்று எல்லாரும் ஓட்டினார்கள். ஆனால் முதல் பந்தி முடிவதற்குள் மூன்று இளவட்டங்கள் வீட்டுக்குப் போய்ப் பேண்ட் மாற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். மற்றவர்களில் பாதிப் பேர் தலைவர் பார்க்காத சமயத்தில் வேட்டியை மடித்துக் கட்டி, அவர் வந்தால் இறக்கிவிட்டார்கள். எனக்கு அதுவே போதும்.

இரண்டாம் பந்தி வரைக்கும் கூடார ஆணி குத்திய ஒரு கால், வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்ட ஒரு மாமி, அவ்வளவுதான் என் மேஜைக்கு வந்தவை. அப்புறம் தண்ணீர் தீர்ந்தது. ஜனக்புரியிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்திறங்கியிருந்தார்கள், யாரும் எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் பந்திக்கு இலை போட்டாயிற்று. சாப்பிட்டு எழுந்தவர்கள் எச்சில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தலைவர் என் மேஜைக்கு வந்தார், பின்னால் காலி வாளிகளோடு இரண்டு பேர்.

"அம்மா, டிரம்மைத் தெறக்கணும்."

"மாட்டேன் சார்."

"பாதி எடுத்துண்டா போதும். சாயங்காலம் தண்ணி வந்ததும் ரொப்பிடலாம்."

"சாயங்காலம் வரைக்கும் யாரும் சுட்டுக்காம இருக்கணுமே சார். பட்டி அடுப்பு ரெண்டும் எரிஞ்சிக்கிட்டுல்லா இருக்கு."

ஒருவர் செங்கல்லை எடுத்தார். நான் மேஜையைச் சுற்றி வந்து பலகையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பட்டுப்புடவையோடு, கால் தரையில் எட்டாமல். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன். விருந்தாளிகள் இலையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். போகிறபோது ஒரு பெரியவர், "தண்ணிக்குமா கஞ்சத்தனம்?" என்று என் காதில் விழும்படி சொன்னார். ஊரே என்னை முறைத்தது. ஒன்றும் நடக்காமல் சாயங்காலம் ஆகிவிட்டால் இந்தக் காலனியில் நான் தலைகாட்ட முடியாது என்று தெரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்றுதானே நான் வேண்டிக்கொண்டிருக்க வேண்டும்? வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் இறங்கவில்லை.

அலறல் சமையல் பந்தலுக்குப் பின்னாலிருந்து வந்தது. அங்கேதான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண். பக்கத்து ஜுக்கிக் குடிசைகளில் இருந்தவள், எங்கள் குவார்ட்டர்ஸிலேயே நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். விழுப்புரம் பக்கம். சாதம் வடித்த கஞ்சியைச் சமையல்காரரின் ஆள் ஒரு அலுமினியத் தொட்டியில் பிடித்து, மாட்டுக்குக் கொடுக்கலாமென்று அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவளுடைய கழுவுகிற தொட்டியும் அதே மாதிரி. மேலே ஏடு படிந்து ஆவிகூட வராமல் இருந்த கஞ்சிக்குள், கரண்டி கிடக்கிறதா என்று வலது கையை முழங்கை வரை விட்டிருக்கிறாள்.

என் தாளில் அந்த மூலை இல்லை. கயிறு கட்டினேன், வேட்டிக்குச் சண்டை போட்டேன், தொண்டர் வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். பேட்ஜ் குத்தாத அவளை நினைக்கவே இல்லை. ஓடும்போதே அது எனக்கு உறைத்தது, வெட்கமாக இருந்தது.

நான் போவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சமையல்காரர் நல்லெண்ணெய்த் தூக்கோடு நிற்கிறார். யாரோ மைதா மாவை அள்ளிக்கொண்டு வருகிறார்கள். தலைவர் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அதே பச்சைப் பேனா. கத்தியிருப்பேன். கத்த முடியவில்லை. போன வருடம் என் கணவர் காலில் முதலில் விழுந்த அந்த நீல மை என் பேனாவிலிருந்து விழுந்தது. சர்டிபிகேட் வாங்கிய நான்தான், கைகழுவ வைத்த தண்ணீர் டிரம் பத்தடி தூரத்தில் இருக்க, கைப்பையைத் திறந்து பேனாவைக் கழற்றி முதலில் ஊற்றினேன். எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் அவரவர் பேனாவை எடுத்தார்கள். இதை அதுவரை என் கணவரைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. அவர் வலியில் இருந்ததால் அவருக்கே முதலில் தெரியாது.

"சார், அத என்கிட்ட தாங்க," என்று தலைவர் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினேன். "ஒண்ணும் ஊத்தாதிய. தண்ணி மட்டும்."

அவளை நடத்திக்கொண்டு போய் என் டிரம் பக்கத்தில் உட்கார வைத்து, மக்கில் மொண்டு முழங்கையிலிருந்து மெதுவாக ஊற்ற ஆரம்பித்தேன். கஞ்சி தோலோடு பசையாக ஒட்டியிருந்தது. கை வீங்குவதற்கு முன்னால் வளையல்களைக் கழற்ற வேண்டும். கண்ணாடி வளையல்கள் தண்ணீரோடு வழுக்கி ஒவ்வொன்றாக வந்தன. "நல்ல நாளும் அதுவுமா வளயல கயிட்டாதீங்கக்கா," என்று அழுதாள். "இடது கையில இருக்குல்லா, அது போதும்," என்று சொல்லிவிட்டு நான் நிறுத்தவில்லை.

ஐந்து நிமிஷத்தில் எழுந்திருக்கப் பார்த்தாள். "உடுங்கக்கா. பாத்திரம் அப்டியே கெடக்குது."

"கெடக்கட்டும்."

"கையி போயிடுமாக்கா? நாலு நாள் போவலன்னா வேற ஆள வெச்சிடுவாங்க. இந்தக் கைய வெச்சித்தான்க்கா சோறு."

"போகாது. உக்காரு," என்றேன். போகுமா போகாதா என்று எனக்கு எப்படித் தெரியும். இருபது நிமிஷம், வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே ஊற்றினேன். பாதியில் கை மாற்றப் பார்த்தேன். மக்கை யாரோ வாங்கினார்கள். தலைவர். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, மிச்ச நேரத்துக்கும் அவரே ஊற்றினார். சமையல் பந்தலுக்குப் பின்னால் என் கணவர் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரோடு இன்னும் இரண்டு கிளார்க்குகள், பேட்ஜோடு.

சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்து, என்ன போட்டீர்கள் என்று கேட்டார். தண்ணீர் மட்டும் என்றேன். "அச்சா கியா," நல்ல காரியம் செய்தீர்கள் என்றார், தலையை நிமிர்த்தாமலே. கை பிழைத்துவிடும், ஆனால் மூன்று வாரம் தண்ணீரில் வைக்கக் கூடாது என்று சொன்னார்.

மறுநாளே அவள் வேலை பார்த்த நாலு வீட்டுக்கும் போனேன். மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள், அவள் இடத்தில் வேறு ஆள் வைக்காதீர்கள் என்று கேட்டேன். கெஞ்சவில்லை, வாசலிலேயே நின்று கேட்டேன். பதில் வருகிறவரை நகரவில்லை. மூன்று வீட்டில் சரி என்றார்கள். நாலாவது வீட்டில் ஏற்கனவே ஆள் வைத்தாயிற்று. அந்த வீட்டம்மாவோடு நான் அப்புறம் பேசுவதில்லை.

வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள் அவளே என் வாசலுக்கு வந்தாள். கையில் தோல் வெளுப்பும் சிவப்புமாக இருந்தது. விரல்கள் ஐந்தும் நன்றாக மடங்கின. மடக்கிக் காட்டினாள். அதற்காக வந்தவள் இல்லை.

"பக்கத்து ஜுக்கில ஒரு பாப்பா மேல டீ கொட்டிக்கிச்சிக்கா. பல்பொடி தடவுன்றாங்க, மண்ணெண்ண ஊத்துன்றாங்க. நான் கிட்ட உடல. எங்கூட்டு ரெண்டு கொடம் தண்ணியையும் அதும்மேலயே ஊத்திட்டேன்."

அவர்கள் ஜுக்கிகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே குழாய். இரண்டு குடம் பிடிக்க அரை நாள் வரிசையில் நிற்க வேண்டும்.

"அப்புறம் வீட்டுக்கு?" என்று கேட்டேன்.

"அன்னிக்கி ஒல வெக்கல. அது கெடக்குதுக்கா. இருவது நிமிசம்னு சொன்னீங்க இல்ல, ரெண்டு கொடம் பத்தல. கீய சட்டி வெச்சி, வயிஞ்ச தண்ணியவே புட்ச்சி புட்ச்சி ஊத்துனேன். தப்பாக்கா?"

பத்து நாள் பயிற்சியில் தண்ணீர் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு ஒரு முழு டிரம் வேண்டுமென்று கேட்கத்தான் தெரிந்திருந்தது.

"தப்பே இல்ல," என்றேன். "பாப்பா எப்படி இருக்கு?"

"தேவலாம்க்கா. ஓடுது."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை யோசித்தேன். யோசிக்க அதிகம் இல்லை.

"அடுத்த உத்திரத்துக்குப் பாத்திரத்துக்கு வேற ஆள் பாக்கச் சொல்லுதேன். நீ என்கூட மேஜையில இரு. எந்தெந்த மூலையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல, ஒனக்குத்தான் தெரியுது."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கும் அந்த மஞ்ச ரிப்பன் குத்துவாங்களாக்கா?"

"குத்தாம விடுதேனா பாரு," என்றேன்.